தாலி கட்டினது பதிவாகவில்லை

ஞாயிறு, ராத்திரி

இன்று வீராம்பட்டினத்தில் கல்யாண ஷூட்டிங். பழைய மெமரி கார்டு நிறைந்ததும், உப்பளம் ஏரியா கடையில் பாதி விலைக்கு வாங்கிய புதுசைப் போட்டேன். கேமரா வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் பதிவு நின்றுவிட்டது. கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"ஃபோட்டோ இருக்குல்ல, அதைச் சேத்து ஒப்பேத்திடுங்க" என்றாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கே போன் செய்து சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டாள்: "அண்ணே, தாலி ஏறினதும் எங்கப்பா அழுதாரு. அவர் அழுது நான் பாத்ததே இல்ல. அதாவது இருக்கா?"

"பாத்துட்டு சொல்றேம்மா" என்றேன்.

பார்த்துவிட்டுத்தான் போனே செய்தேன். அதுவும் இல்லை.