வருகையின் நோக்கம்

பிப்ரவரி 3

அன்பு மகனுக்கு,

நலம். நீ, மருமகள், பேத்தி பட்டு மூவரும் நலமா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

என் விசாவை மறுத்துவிட்டார்கள். உறவினரைப் பார்க்கும் விசா, ஆறு மாதம் என்று நீயே நிரப்பி அனுப்பினாயே, அதற்கு இன்று பதில் வந்தது. திரும்பிச் செல்லப் போதிய காரணம் இல்லை என்று ஒரே வரி. எனக்கா காரணம் இல்லை என்று நீ அனுப்பியதன் நகலை எடுத்துப் படித்தேன். தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறாய். மகனைச் சார்ந்து வாழ்பவர் என்று வேறு.

டேய், உன் அப்பா போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இந்த ஊரில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் முதல் கியர் போட்டது என் பக்கத்தில் உட்கார்ந்துதான். கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? மிதித்து மிதித்து அதையே இரண்டு தடவை மாற்றிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு காரையே மறைத்துவிட்டாய், கூரையில் இருக்கிற எல் போர்டோடு.

எனக்குக் கோபம்தான். ஏன் அப்படி எழுதினாய் என்று ஒளிக்காமல் எழுது. பட்டுவுக்கு என் முத்தம்.

அம்மா

பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாதே. விசா ஏஜெண்ட் சொன்னதைத்தான் எழுதினேன். வேலை இருக்கிறது என்றால் ஆறு மாதம் எப்படி விட்டுவிட்டு வருவீர்கள் என்று கேட்பார்களாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் இவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் பட்டுவின் முறை வர இன்னும் ஒரு வருடம் ஆகும். நீ ஆறு மாதம் வந்தால் அப்புறம் நீட்டிக்க வழி இருக்கிறது. மெல்ல இங்கேயே தங்கிவிடலாம். ஐம்பத்தெட்டு வயதில் வெயிலில் எவளோ கியர் மாற்றத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்துக்கொண்டு எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்? காரை விற்றுவிடு. நீ சரி என்றால் மறுபடி அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன். பெற்ற பிள்ளையிடம் வர என்னம்மா யோசனை?

அன்புடன்,
மகன்

மார்ச் 6

அன்பு மகனுக்கு,

நன்றாக இருக்கிறது கதை. ஆறு மாதம் என்று சொல்லி உள்ளே வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்வது என்றால், அந்த ஒற்றை வரியை எழுதிய அதிகாரி சரியாகத்தானே எழுதியிருக்கிறார்! நாளெல்லாம் சிக்னலை மதி என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தப் பொய்க்கு ஆளை விடு.

நான் இருபத்தொரு நாள் வருகிறேன். பட்டுவைக் கொஞ்ச வருகிறேன், ஆயா வேலைக்கு அல்ல. விசா படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது, வருகிறவர் எந்த வேலையும் செய்யக் கூடாதென்று. படித்துப் பார். ஜூன் முதல் வாரம் இங்கே பதினொரு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். அதில் ஒரு பல் டாக்டர், கிளச் என்றால் பிரேக்கை மிதிக்கிறாள், பிரேக் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளை நடுரோட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது, பள்ளி வாசலில் இறக்கவேண்டாம், தெருமுனையிலேயே இறக்கிவிடு என்றாய். கூரையில் இருக்கிற போர்டைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள் என்றாய். ஆறு வருஷம் முனையிலேயே நிறுத்தினேன். அன்றைக்கு நீ சின்னப் பிள்ளை. இன்றைக்கு விசா படிவத்தில் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டாயே, அதுதான் வலிக்கிறது.

அழைப்புக் கடிதம் அனுப்பு. இருபத்தொரு நாள். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இதில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது.

அம்மா

மார்ச் 20

அம்மா,

யாரோ பதினொரு பேருக்காகச் சொந்தப் பேத்தியை விடுகிறாய். இருபத்தொரு நாள் வந்து ஆசை காட்டிவிட்டுப் போவதற்கு, வராமலே இருக்கலாம். ஆறு மாதம் என்றால் கடிதம் தருகிறேன். இல்லையென்றால் இல்லை. இதற்குமேல் எழுத எனக்கும் தெம்பில்லை.

மகன்

ஏப்ரல் 11

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் இல்லாமலும் விசா கிடைக்கும் என்று அந்த ஏஜெண்ட் சொல்லவில்லையா? சுற்றுலா விசா என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மகனுடைய தயவு வேண்டாம்.

பல் டாக்டரின் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். தொழில் கட்டத்தில் என் தொழிலைப் போட்டேன். முன்பு மறுத்ததையும் மறைக்கவில்லை. பார்க்கப்போகும் இடங்கள் என்று ஒரு கட்டம். முதலில் ஏரி, அடுத்தது அருங்காட்சியகம், மூன்றாவதாக உன் வீட்டு முகவரி.

நேர்காணலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. மூன்றாவது வரியில் விரலை வைத்து, இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"எட்டு மாசப் பேத்தி இருக்கா. இன்னும் நேர்ல பாத்ததில்ல" என்றேன்.

அப்படியானால் உறவினர் விசாவே கேட்டிருக்கலாமே என்றாள். ஆறு மாதம் வந்தால்தான் மகன் கடிதம் தருவான், எனக்கு இருபத்தொரு நாள் போதும் என்று நடந்ததைச் சொன்னேன். திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது என்றாள். டிரைவிங் ஸ்கூல் உரிமத்தையும் பதினொரு பேரின் டெஸ்ட் தேதிகளையும் எடுத்து வைத்தேன்.

"நான் வரலேன்னா பதினொரு பேரும் போய் சுவத்துல முட்டுவாங்கம்மா. ஊருக்கே ஆபத்து."

சிரித்துவிட்டாள். நான்காம் நாள் விசா வந்தது. முப்பது நாள்.

மே 4 காலை வந்து இறங்குகிறேன். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியில் அறை போட்டாயிற்று. நீ கதவைத் திறந்தால் நான் உன் அம்மா. திறக்காவிட்டால் சுற்றுலாப் பயணி. எதிரில் இருக்கிற பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உன் ஜன்னலைப் பார்ப்பேன், மருமகள் பட்டுவைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையாவது வராமலா போவாள்? என்னை அங்கிருந்து எழுப்ப உன்னால் முடியாது. முத்திரை குத்திய விசா என் கையில் இருக்கிறது.

உன்னையும் பார்க்க வேண்டும்டா. மூன்று வருஷம் ஆயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்தத் தடவை தெருமுனையில் இறங்கமாட்டேன்.

அம்மா,
சுற்றுலாப் பயணி

ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இவள் படித்துவிட்டாள். உனக்கு விசா கிடைக்கவில்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்கம்மாவுக்கு வேலை இருக்கு. எனக்கும் இருக்கு. லீவு போட வேண்டியது நீங்கதான்" என்றாள். போட்டுவிட்டேன். ஜூனிலிருந்து நான் வீட்டில்.

விடுதி அறையை ரத்து செய் என்றால் நீ கேட்கமாட்டாய். வைத்துக்கொள். பட்டுவின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். எங்கே தூங்குவதென்று நீயே முடிவு செய்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் போகிறது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தாய், உன் பக்கத்தில் உட்கார நான்தான் ஒருநாளும் வரவில்லை. தப்பு என்னுடையதுதான் அம்மா, படிவத்தில் எழுதியதும் சேர்த்து.

4ஆம் தேதி உன்னை அழைத்துப்போக நான்தான் ஓட்டிவருவேன். லைசென்ஸ் வைத்திருக்கிற இவள் பக்கத்தில் இருப்பாள், பின்னால் பட்டு. சட்டப்படி போர்டு வைக்க வேண்டும். வாங்கிக் கூரையிலேயே வைத்துவிட்டேன், சிவப்பில், பெரிதாக. வெளியே வந்ததும் நீ எங்கேயும் தேட வேண்டாம். வாசலிலேயே நிறுத்தியிருப்பேன்.

உன் மகன்