மூன்று மோட்டாரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

மார்ச் 4
தொட்டிலை மாமியார் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். "புள்ள அழுதா உனக்கு எப்படிம்மா தெரியும்?" உதடு எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டார். நன்றாகவே புரிந்தது. ஏழு வயதில் காய்ச்சல் கொண்டுபோனது காதைத்தான், புத்தியை அல்ல. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். அது அவர் காலில்தான் இருந்தது.

மார்ச் 5
பிள்ளை அழுதால் எரிகிற விளக்கு ஒன்றை நானே செய்யப்போகிறேன். கடையில் விற்பது நாய் குரைத்தாலும் எரிகிறது. பத்து வருடமாக ஊரார் வீட்டு மிக்ஸியையும் டிவியையும் பழுது பார்க்கிறவளுக்கு இது முடியாதா?

மார்ச் 9
சர்க்யூட் போர்டு தயார். துளைதான் போட முடியவில்லை. பழைய டிரில்லின் தண்டு ஆடுகிறது. தலைமுடி அளவு ஆட்டம் போதும், ஊசி போன்ற பிட் முறிந்துவிடும். நான்கு துளைக்கு மூன்று பிட் போச்சு. சே!

மார்ச் 12
மோட்டார் கடை. கடைக்காரர் டிரில் பிட்டைச் சுழற்றும் மோட்டார், அதாவது ஸ்பிண்டில், மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பெரியதுதான் அருமை என்றார். "சத்தத்த வச்சுத்தான் எடுக்கணும். நீங்க வீட்டுக்காரர அனுப்புங்க."

அவரையா? ஸ்பிண்டில் என்றால் சோப்பா சீப்பா என்று கேட்பார்.

மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை மோட்டார் பக்கம் இழுத்து வைத்து, மறுபடி ஓடவிடச் சொன்னேன். அவர் புகழ்ந்த பெரியதற்குத் தண்ணீர் தளும்பியது. இரண்டாவதற்கு வளையம் வளையமாக நடுங்கியது. சின்னதற்கு அசையவே இல்லை. ஓடுகிற மோட்டார்கள் மேலே நகத்தை வைத்தும் பார்த்தேன். அதே பதில்தான்.

"அதுக்கு சக்தி பத்தாதும்மா."

"நான் என்ன கிணறா தோண்டப் போறேன்?" சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, கடையே திரும்பியது. திரும்பட்டும்.

மார்ச் 13
அறுபத்திரண்டு துளை. ஒரே பிட்.

மார்ச் 17
மைக்கைத் தொட்டில் காலில் கட்டி, ஒயரைச் சுவரோரமாகச் சமையலறை விளக்குவரை இழுத்தேன். மாமியார், "நாந்தான் பக்கத்துலயே படுத்திருக்கேனே, இது எதுக்கு?" என்றார். நான் பாட்டுக்கு ஆணி அடித்தேன்.

மார்ச் 20
மதியம் பாத்திரம் கழுவும்போது விளக்கு எரிந்தது. கை ஈரத்தோடு ஓடினேன். பிள்ளை முகம் சிவந்து கதறிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மாமியார் வாயைத் திறந்து தூங்குகிறார். எழுப்பவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கண் திறக்கும்வரை எதிரிலேயே நின்றேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

மார்ச் 21
தொட்டில் என் அறைக்கு வந்துவிட்டது. இழுத்து வந்தவர் மாமியார். விளக்கையும் நான் உட்கார்ந்து எழுதுகிற கூடத்து ஜன்னலில் மாட்டிவிட்டு, "இங்கேருந்து தெரியுதா?" என்றார். நிறுத்தி நிறுத்திப் பேசவில்லை, எல்லாரிடமும் பேசுகிற வேகத்தில்தான் கேட்டார்.

தெரிகிறது. இதோ, எரிகிறது. போகிறேன்.