நீ அழிக்காமல் வைத்த படம்

மச்சான்,

நம் கடைக் கம்பியூட்டருக்குப் புதுக் கீபோர்ட் வாங்கிவிட்டேன். பழையது இப்போது என் மடியில் கிடக்கிறது. அதில் எழுத்து அடியோடு தேய்ந்துபோனது ஒரேயொரு பட்டன்தான். திரையைப் படமெடுக்கும் பட்டன்.

யாருக்கு விண்ணப்பம் நிரப்பினாலும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவு பார்த்தாலும், உடனே அதை ஒரு தட்டுத் தட்டுவாய். "எல்லாத்தையும் என்னத்துக்குடா எடுக்கிறாய்?" என்று நக்கலடிப்பேன். "நாளைக்கு இல்லையெண்டுவானுகள் மச்சான்" என்பாய்.

சொன்னது போலவே நடந்தது. வெள்ளத்தின்போது கல்முனையெங்கும் நீ சேர்த்த அரிசியை, இறக்காமத்துக்குக் கொண்டுபோய் என் கையாலேயே பகிர்ந்தேன். அங்கே நான் சேற்றில் நின்றுகொண்டிருக்க, இங்கே மில் முதலாளி ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் எழுதினார், நிவாரண அரிசியை நீ விற்றுவிட்டாய் என்று. மறுநாள் காலை பதிவு இல்லை. "நான் எங்க எழுதின?" என்று சந்தியில் நின்று கேட்டார். நான் சாட்சி சொல்லப் போனால், "நீங்க கூட்டாளிகள்தானே" என்று சிரித்தார்கள்.

நீ படமெடுத்து வைத்திருந்தாய். காட்டடா என்று சண்டை பிடித்தேன். "உட்டுரு மச்சான், உம்மாட காதுல உழுந்தா தாங்கமாட்டா" என்றாய். உன் ஜனாசாவை அடக்கிய அன்றும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை. அந்தப் பதிவுக்கு லைக் போட்டவர்கள்தான் முண்டியடித்து உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கினார்கள்.

முந்தாநாள் அதே முதலாளி கடைக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறாராம். போகுமுன் வீடு வீடாய், கடை கடையாய் மன்னிப்புக் கேட்டு வருகிறார்.

"ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிக்கங்க மகன்."

"என்ன பிழை?"

"பொதுவாத்தான் கேக்கிறன்."

பொதுவாக! உன் படத்தைத் தேடித் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பெயர், அவர் சிரிக்கும் முகம், அவர் எழுதியது. பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத அழிச்சிருங்க மகன்."

"எனக்குச் செஞ்சத நான் மன்னிக்கலாம். அவனுக்குச் செஞ்சத மன்னிக்க நான் ஆரு? அதே பக்கத்தில, அதே பேரில, 'நான் எழுதினது பொய்' எண்டு போடுங்க. பொறகு போங்க" என்றேன்.

அடுத்த கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போய்விட்டார்.

திரையைத் திருப்பி வைத்தபோதுதான் படத்தை முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். அந்தப் பட்டன் திரையில் இருப்பதையெல்லாம் சேர்த்துத்தானே எடுக்கும். கீழ் மூலையில் எனக்கு நீ எழுதிக்கொண்டிருந்த பெட்டி திறந்து கிடந்தது. "மச்சான், கொஞ்சம் வாறியா? தாங்க ஏலாம இரிக்கி." எழுதியிருக்கிறாய், அனுப்பவில்லை. ஏனடா அனுப்பவில்லை? இறக்காமம் என்ன தூரமா? முதலாளி மேலிருப்பதைவிட உன்மேல்தான் இப்போது எனக்குக் கோபம்.

இன்றுவரை அவர் எதுவும் எழுதவில்லை. விமானம் ஏறும்வரை பார்ப்பேன். அதன்பிறகு இந்தப் படத்தை ஊர் பார்க்கும். உன் உம்மாவிடம் நானே போய், பக்கத்தில் இருந்து, முதலில் சொல்லிவிடுவேன்.

கீழ் மூலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். அது ஊருக்கு எழுதியதில்லை.