வெள்ளைக் கொடியும் செவலை மாடும்

நாமுஷோ மேடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் முவங்காலாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை லிசெலி எழுதுவது. கூரைக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே, நானும் அவளும் நலமாக இருக்கிறோம். நீயும் அந்தப் பனி ஊரில் காதை மூடித் துணி கட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இந்த வருடம் வெள்ளம் சீக்கிரமே ஏறிவிட்டது, சமவெளியில் இருந்தவர்கள் எல்லாம் படகில் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், அவர்களுடைய மாடுகளும் வந்துவிட்டன, விமானம் இறங்கும் தரை ஒன்றுதான் காய்ந்து கிடப்பதால் மாடுகளுக்கு அதுவே படுக்கை. டாக்டரைக் கொண்டுவரும் சின்ன விமானம் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது, நான் முன்னைப் போலவே மாடுகளை விரட்டிவிட்டு, தரை காலியாக இருந்தால் வெள்ளைக் கொடியும் இல்லாவிட்டால் சிவப்புக் கொடியும் காட்டுகிறேன். லிசெலி ஏழாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கையெழுத்து அழகு என்று நர்ஸ் சொன்னாள், இதை எழுத வெட்கப்படுகிறாள், நான்தான் எழுதச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை தோறும் விமான வேலைக்காரர்களுக்கு நீ போனில் நடத்தும் கூட்டத்துக்கு நாங்களும் வருகிறோம் என்பது உனக்குத் தெரியாது. விமானத் தரையோரம், காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிப்பை கட்டிய கம்பத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், லிசெலி போனைத் தூக்கிப் பிடிப்பாள், நான் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருப்பேன். விமானம் ஓட்டுகிறவர்கள், பணிப்பெண்கள், மெக்கானிக்குகள் என்று முப்பது நாட்டுக்காரர்கள் தாங்கள் செய்த தப்பை ஒளிக்காமல் சொல்கிறார்கள், நீ யாரையும் திட்டுவதில்லை, சின்ன வயதில் தங்கையிடம் இவ்வளவு பொறுமை உனக்கு இருந்ததில்லை. அந்த பிலிப்பைன்ஸ் மெக்கானிக் “மேடம், இந்த வாரம் நான் தப்பே பண்ணல, எனக்கு லீவு குடுங்க” என்றதற்கு நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். எனக்கு அந்த மொழி தெரியாது, லிசெலிதான் தனக்குப் புரிந்ததைக் காதில் சொல்வாள், நான் உன் குரலில் சளி இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். நேரே கூப்பிட்டால் “அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்கிறாய், சரி என்று மீட்டிங்குக்கே வந்துவிட்டேன். பட்டியலில் பெயரில்லாத ஆள் ஒருவர் எப்போதும் இருக்கிறார், அவரும் ஒருநாள் பேச வேண்டும் என்று போன வாரம் சொன்னாய். அத்தனை பேர் முன்னால் நான் என்ன பேச, முள்ளை எடுத்துவிட்டு மீனைத் தின்னு என்றா.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வெள்ளைக் கொடி காட்டினேன், விமானம் தாழ வந்து சக்கரம் மண்ணைத் தொடப்போகும் நேரத்தில் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. தரையின் நடுவில், சமவெளியிலிருந்து வந்திருக்கும் முண்டியாவின் செவலை மாடு படுத்திருந்ததாம். லிசெலி அதைப் பார்த்திருக்கிறாள். பெரியவர்களிடம் பேச வேண்டுமானால் மண்டியிட்டு மெல்லக் கைதட்டி, அவர்கள் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான்தானே வளர்த்தேன், அப்படியே என் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ஜின் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்கும். கேப்டன் சிட்வாலா ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார், சட்டை முழுக்க வியர்வை, உள்ளே டாக்டரும் இரண்டு நர்ஸும், அப்படியும் எனக்குக் கைதட்டி வணங்கிவிட்டுத்தான் “முவங்காலா அம்மா, உங்க ஊர் மாடு டிக்கெட் எடுத்துருச்சா?” என்றார். வெயில் கண்ணில் அடித்தது என்றேன். முண்டியா குறுக்கே வந்து “என் மாட்டுக்கு மட்டும்தான்யா இங்க பயமே இல்ல” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டான். வெயில்தான். இதை உன் கூட்டத்தில் சொல்லிவிடாதே. கொடியை வாங்கிக்கொண்டால் இந்த மேட்டில் எனக்கு என்ன வேலை, கம்பத்தடிக்குப் போகத்தான் என்ன சாக்கு.

வேறு விசேஷம் இல்லை. மழை விட்ட பிறகும் நாய் வீட்டுக்குள்ளேயே படுக்கிறது, நானும் விரட்டவில்லை, மூச்சு விடும் சத்தம் இன்னொன்று துணைக்கு இருக்கட்டும் என்று. டிசம்பரில் வருகிறேன் என்றாய், எந்த டிசம்பர் என்று சொல்லவில்லை. ஆறு நிறைவதுபோல உன் வீடு நிறையட்டும், நீ பேசும் இடமெல்லாம் உன் பேச்சைக் கேட்கட்டும். உள்ளே கம்பளிச் சட்டை போட மறக்காதே.

உனக்கென்று ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தே வைத்திருக்கும்,
அம்மா (கைநாட்டு).

அக்கா, இனி வருவது அம்மா சொன்னதில்லை. அவள் வெளியே மீன் பொரிக்கிறாள். மேலே கைநாட்டைப் பார். பாதிதான் காகிதத்தில் விழுந்திருக்கிறது, மீதி அடியில் வைத்து எழுதும் பலகையில் இருக்கிறது. நான் விரலைப் பிடிக்கவில்லை, அவளாகவே வைத்தது.

ஆளின் பெயரைச் சொல், கண்ணால் பார்த்ததைச் சொல், என்ன செய்ய வேண்டும் என்று சொல், பதில் வராவிட்டால் திரும்பவும் சொல் என்று கூட்டத்தில் நீ சொல்வாய். முவங்காலா அக்கா, அன்று வெயிலே இல்லை, மேகமூட்டம். எது வெள்ளை, எது சிவப்பு என்று என்னைக் கேட்டுத்தான் அம்மா கொடியை எடுக்கிறாள். நீ வர வேண்டும். டிசம்பருக்கு முன்னால் நீ வர வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை விமானம் வருமுன் தரை முழுவதும் நானே நடந்து பார்ப்பேன். மாடு இருந்தால் அம்மா கையிலிருக்கும் கொடியைப் பிடுங்குவேன். விமானம் இறங்கியதும், தபாலில் சேர்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தைக் கேப்டனிடம் கொடுக்கும்போது அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்வேன். மண்டியிட மாட்டேன், நின்றுகொண்டு, அவர் திரும்பும்வரை காத்திராமல் சொல்வேன். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசமாட்டாள்.

பட்டியலில் பெயரில்லாத ஆள் நாங்கள்தான். இது உன் கைக்கு வந்ததும், அடுத்த வியாழக்கிழமை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. கொடி போனாலும் அம்மாவைக் கம்பத்தடிக்கு நான் கூட்டிக்கொண்டு போவேன்.

லிசெலி