ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து தெரியும் ஆமணக்கு

விளக்கெண்ணெய்ச் சக்கரவர்த்தியும் என் அக்காவின் கணவருமான அன்பு அத்தானுக்கு,

நீங்கள் மேலுலகம் போன பிறகு சிட்லபாக்கத்தில் யாருக்கும் வயிறு சரியாகச் சுத்தமாகவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வெறும் வயிற்றில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றிவிட்டுச் சிரிப்பீர்களே! அன்று உங்கள் வீட்டுக் கழிவறைக்கு நின்ற வரிசையைப் பார்த்துத் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டரே வெட்கப்பட்டதாகக் கேள்வி.

விஷயத்துக்கு வருகிறேன். வாசல் கேட்டுப் பக்கத்தில் நீங்கள் வளர்த்த ஆமணக்குச் செடிக்கு ஆபத்து வந்தது. உங்கள் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். நடை என்பது மரியாதைக்கு, வந்தது புயல். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள். புள்ளி புள்ளியாக அதன் முத்துக்கொட்டைகள் அழகாக வேறு கிடக்கின்றனவா, உங்கள் மகள் கவிதா "வெட்டிடணும்" என்றாள். அக்கா "அவர் வெச்சது" என்றாள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை. சாம்பார் கேட்கக்கூட நான்தான் தூது.

அக்காவைச் சொல்லியும் குற்றமில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் அந்தக் கேட்டைத் தாண்டவே இல்லை, அத்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைகூட வேண்டாமாம். காலையில் இரண்டு இலையைப் பறித்து, எண்ணெய் தடவி, தோசைக்கல்லில் வாட்டி முழங்காலில் கட்டிக்கொண்டு, செடியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். அதுவும் போய்விட்டால் எதைப் பார்ப்பாள்?

நான் சும்மா இருப்பேனா? தோல் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் நீங்கள் சொன்னதற்கெல்லாம் கண், காது, மூக்கு வைத்து ஹாலில் முழங்கினேன்.

"இந்த எண்ணெய் இல்லேன்னா தோல் மெத்துனு ஆகாது, உலகமே வெறுங்கால்ல நடக்கும்! சோப்பு இல்ல, பெயின்ட் இல்ல. அந்தக் காலத்துல பிளேன் பறந்ததே இத குடிச்சிட்டுத்தான்! நம்ம துவரம்பருப்புல வண்டு வராம இருக்கே, யாரால? ஏம்மா, உன் லிப்ஸ்டிக்லயே இதான் இருக்கு!"

கவிதா உள்ளே போய் லிப்ஸ்டிக் அட்டையைப் படித்தாள். இருந்தது. என் மீசை ஒரு முழம் வளர்ந்தது.

"சரி மாமா. லிப்ஸ்டிக்க பாப்பா தின்னா வாயத் தொடச்சி விட்டுடலாம். இந்தக் கொட்டைய மென்னுட்டா எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடறது? நீங்களே சொல்லுங்க."

எண்ணெய் மருந்து, பச்சைக் கொட்டை விஷம் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே? மெல்ல அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்காதான் பேசினாள். "பாப்பாவ விட செடியா பெருசு? வெட்டிடு கவிதா. டேய், கொட்டைய நீ எடுத்துட்டுப் போய் ஊரப்பாக்கத்துல போடு. உன் வீட்ல கொழந்தைங்க இல்ல. நீ எடுத்துத் தின்னாம இருந்தா சரி."

போட்டேன். முளைத்தது. தினமும் போனில் அக்காவுக்குச் செய்தி வாசித்தேன். ஜன்னலைத் தொட்டுவிட்டது, மொட்டை மாடியை எட்டிவிட்டது, நேற்று ஒரு காக்கா வாடகைக்கு இடம் கேட்டது என்று.

"புளுகாதடா. மொதல்ல தண்ணி ஊத்தறியா?"

"அக்கா, ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல எறங்கினாலே தெரியுது!"

போன வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் பையோடு அக்கா! தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தனியாக ரயிலேறி வந்திருக்கிறாள், அத்தான்.

"எங்கடா மரம்? பிளாட்பாரத்துலேருந்து தேடிட்டே வரேன்."

காட்டினேன். ஒரு சாண் உயரம். நாலு இலை.

"கண்ணாடிய மாத்துக்கா" என்றேன்.

தலையில் ஒரு குட்டு விழுந்தது. பிறகு முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, அந்தச் சின்ன இலையை விரலால் தடவினாள். "தண்ணிய இப்படியா கொட்டுவ? அழுகிடும்டா" என்று திட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அங்கேயே சாப்பிட்டாள். கிளம்பும்போது, "உன்ன நம்ப முடியாது. அடுத்த வெள்ளி வந்து பாக்கறேன்" என்றாள்.

அதனால் ஒரு வாக்குறுதி, அத்தான். காய்க்குலை வந்தால் முற்றும் முன்பே ஒடித்துவிடுவேன். இலைகளை அக்காவின் முழங்காலுக்கு வளர்ப்பேன். அவள் வாராவாரம் ரயிலேறி வந்துகொண்டிருக்கும்வரை, இந்தச் செடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட உண்மை பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கரண்டிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த ஒரே மச்சினன்