ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பச்சை

ஜூலை 3, வியாழன்

இன்றும் சிவப்பு. கண் விழித்ததும், ஜெபம்கூடச் சொல்லாமல், போனில் அதைத்தான் பார்த்தேன். துறைமுக வாயில் மீன்பிடி வள்ளம் கவிழும் ஆபத்து அதிகம் என்று நான் செய்த மாடல் சொல்கிறது. சிவப்பென்றால் அண்ணன் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பான். அந்தத் தைரியத்தில் ஆபீஸுக்குக் கழக்கூட்டம் பஸ் ஏறினேன்.

ஆபீஸில் நான் டேட்டா சயின்டிஸ்ட். ஊரில், வள்ளம் இறங்கும் எங்கள் துறையில், யாராவது கேட்டால் அண்ணன் சொல்லும் விளக்கம் வேறு. "எனக்க தங்கச்சி செஞ்ச ஆப்பாக்கும். அவ பச்சைன்னு சொன்னா கண்ண மூடிட்டுப் போலாம்." இதைக் கேட்டால் எல்லோரும் பெருமைப்படுவார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். காற்று, அலை உயரம், பழைய விபத்துப் பதிவுகள், இவ்வளவுதான் என் கையில் இருப்பது. அந்தப் பதிவுகளில் ஒரு வரி அப்பா. எந்த வரி என்று தெரியும். அந்த இடம் வந்தால் வேகமாகத் தள்ளிவிடுவேன்.

ஜூலை 7, திங்கள்

சிவப்பு. நான் தங்கியிருக்கும் ஸ்ரீவராகத்து வீட்டில் மழை ஒழுகுகிறது. வேறொன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

அண்ணன் வீட்டிலிருந்து மைனி போன் செய்தாள். மழை தொடங்கியதிலிருந்து பாதி நாள் சிவப்பு, வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிறது. அதனால் சர்ச்சில் பங்குக் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்கள்: இந்த ஞாயிறு மட்டும், முதல் பூசை முடிந்ததும், கடலுக்குப் போகலாம். ஞாயிறு ஆண்டவருடைய ஓய்வுநாள்; எனக்கு விவரம் தெரிந்து இந்தக் கரையில் எந்தத் துறையிலும் அன்று வள்ளம் இறங்கியதில்லை. 

சும்மா ஆப்பைத் திறந்து பார்த்தேன். சனி சிவப்பு, திங்கள் சிவப்பு. நடுவில் ஞாயிறு பச்சை. மூன்று நாளும் அலை ஏறக்குறைய ஒன்றுதான். காற்றும் ஒன்றுதான். பிறகு ஏன்?

ஜூலை 11, வெள்ளி

பழைய ஞாயிறுகளையெல்லாம் மாடலுக்குக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் பச்சை. புயல் அடித்த வாரத்திலும் ஞாயிறு பச்சை.

புரிந்துவிட்டது. பதிவுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு விபத்துகூடக் கிடையாது. ஞாயிறு என்றால் பத்திரம் என்று மாடல் படித்துக்கொண்டது. விபத்து எப்படி இருக்கும்? யாரும் போனால்தானே! போகவில்லை என்பது எந்தப் பதிவிலும் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். கிழமையையும் சேர்க்கலாமா, கணிப்பு இன்னும் நன்றாக வருகிறது என்று என்னோடு வேலை செய்யும் ஹரிகுமார் கேட்டபோது தலையாட்டியவள் நான்தான். அவன் நகரத்துக்குள்ளே வலியசாலைக்காரன், துறை வழக்கம் தெரியாது, அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? ஞாயிறு கடல் இல்லை என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதைப் போய் டேட்டாவாக யார் நினைப்பார்கள்? நினைக்கத்தானே எனக்குச் சம்பளம்.

நானும் ஹரியும் கிழமையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். ஞாயிறு சிவப்பாக மாறியது. டீம் லீட் ஸ்ரீலட்சுமியிடம் ஓடினோம். வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு எதையும் வெளியே விடுவதில்லை என்பது ஆபீஸ் வழக்கம். ஒருமுறை அப்படி விட்டு, சனி ஞாயிறு முழுக்க ஆப் படுத்துக் கிடந்ததாம். திங்கள் காலை முதல் வேலை இதுதான் என்றார். ஞாயிறு போகிறார்களே என்றேன். மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ராத்திரிவரை பதில் இல்லை.

ஜூலை 12, சனி

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டான்: "இத எனக்கு மட்டும் சொல்லுதியா, எல்லாருக்கும் சொல்லுதியா?"

அவனுக்கு மட்டும்தான் சொல்ல நினைத்திருந்தேன். வெட்கமாகப் போயிற்று. மத்தியானமே துறைக்குப் போய்ப் பங்குச்சாமியாரைப் பார்த்தேன். கட்டாயம் கவிழுமா என்று கேட்டார். இந்த மாதிரி நூறு நாளில் பதினைந்து நாள் ஒரு வள்ளமாவது கவிழும் என்றேன். அப்போ எண்பத்தைந்து நாள் ஒன்றும் ஆகாது, இல்லையா என்றார். ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. கணக்குப் படித்தேன், புரோகிராம் எழுதப் படித்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கேயும் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் பயம் வந்திருக்க வேண்டும். சாயங்கால ஜெபமாலைக்குப் பிறகு கோவில் மைக்கில் அறிவித்தார்: ஆப்பில் காட்டுவது தவறு, நாளை யாரும் போக வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

யாரும் போகவில்லை.

கடல் குளம் மாதிரி கிடந்தது. அடுத்த துறைக்காரர்களும் இந்த ஒரு ஞாயிறுக்கு முடிவெடுத்திருந்தார்களாம்; அவர்கள் போய் வள்ளம் நிறைய நெத்தோலியோடு வந்தார்கள். எங்கள் துறையில் அண்ணனை முகத்துக்கு நேரே ஏசியிருக்கிறார்கள். அவன் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தானாம். ஒரு பெரிய அலை வந்து தொலைத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். ஆண்டவரே, நான் எப்படிப்பட்டவள்?

ஜூலை 14, திங்கள்

திருத்தியதை வெளியே விட்டாயிற்று. நல்லபடியாகக் கண்டுபிடித்தாய் என்று ஸ்ரீலட்சுமி பாராட்டினார். "நம்ம செஞ்சது செரிதானே?" என்று ஹரி மெதுவாகக் கேட்டான். சரிதான் என்றேன். இப்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. துறையில் பாதிப் பேர் போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டார்கள் என்று மைனி சொன்னாள்.

ஜூலை 16, புதன்

சிவப்பு. நூறில் பதினெட்டு. எல்லா வள்ளமும் போய்விட்டது.

அண்ணன் மட்டும் போகவில்லை. அவனோடு வழக்கமாகப் போகிறவர்களும் வேறு வள்ளங்களில் ஏறிப் போய்விட்டார்கள். அவன் அலையைத் தடுக்கப் போட்ட புலிமுட்டின் கல்மேல் நின்று துறைமுக வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மைனி சொன்னாள். ஆபீஸில் ஒரு வரி எழுத முடியவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். என் கணக்கு இன்றைக்குப் பொய்யாகிப் போகட்டும் என்று கும்பிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை, நல்ல மீன். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அவன் குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு நானும் போறேன், கேட்டியா பிள்ளே."

எவ்வளவோ சொன்னேன். இன்று தப்பியதால் நாளை தப்பும் என்று அர்த்தமில்லை, சிவப்பு என்றால் கட்டாயம் கவிழும் என்றும் அர்த்தமில்லை... சொல்லச் சொல்ல எனக்கே பிடி கிடைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டான். "செரி, நீ போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டான்.

ஜூலை 17, வியாழன்

சிவப்பு. நூறில் இருபத்தொன்று. அண்ணன் இருட்டோடு போய்விட்டான் என்று மைனி சொன்னாள். லீவு சொல்லிவிட்டு, துறைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.