இடது நுரையீரல் குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். உன் அப்பா நலம். என்னைப் பற்றி அந்தச் சொல்லை எழுதுவதைச் சில வாரங்களுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். வரும் பன்னிரண்டாம் தேதி என் இடது நுரையீரலை முழுவதுமாக எடுக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நான் இருமுவேன், செய்தி போய்ச் சேராது, அதனால்தான் கடிதம்.

சென்ற ஆண்டு, சளி தேங்கித் தேங்கிக் கெட்டுப்போன கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் அறுவை மருத்துவர் சொன்னார். நாள்தோறும் வரும் சளியை அளந்து எழுதச் சொன்னார். குறைந்தால் மாத்திரையோடு விட்டுவிடலாம், குறையாவிட்டால் கத்தி. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாணவிகளின் அளவீடுகளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள், குவளையில் எண்பது மில்லி நிற்கும்போது நோட்டில் இருபது என்று ஏழு மாதம் எழுதினேன். நம்பும்படியாக இருக்க நடுநடுவே ஒரு முப்பதும் போட்டுவைத்தேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவரும் மகிழ்ந்துபோனார். கத்திக்குப் பயம், வேறு காரணம் இல்லை. போன மாதம் அரை டம்ளர் ரத்தம் வந்த பிறகுதான் உன் அப்பா நோட்டையும் குவளையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "இதை உன் மாணவி எழுதிட்டு வந்திருந்தா மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பே" என்றார். மருத்துவரிடம் நானே ஒப்புக்கொண்டேன். உன் வயதுதான் அவருக்கு. நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பிறகு, "இப்போ மேல்பகுதியும் கெட்டுப்போச்சு மேடம்" என்றார்.

கீழ்ப்பகுதி மட்டும் என்றிருந்தால் நூறு பேரில் இரண்டு பேர் பிழைப்பதில்லையாம். முழு நுரையீரல் என்றால், என் வயதில், எட்டுப் பேர். பிழைத்தவர்களிலும் சிலருக்கு மூச்சுக்குழாயைத் தைத்த இடம் விட்டுப்போகும், காலியான இடத்தில் சீழ் கட்டும், மறுபடியும் மேசையில் படுக்க வேண்டிவரும். எல்லாம் சரியாக அமைந்தால் காய்ச்சலும் சளியின் நாற்றமும் பெரும்பாலும் ஒழியும், மாடிப்படியை மட்டும் நின்று நின்று ஏற வேண்டும். "இந்த வயசுல எதுக்கும்மா" என்று கேட்பாய். விட்டுவைத்தால் அடுத்த முறை ரத்தம் அரை டம்ளரோடு நிற்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சிப் பயிற்சி செய்கிறேன். எனக்கு ஒரு பந்துதான் எழுகிறது. உன் அப்பா வாங்கிக் கழுவி, மூன்றையும் எழுப்பிக் காட்டிவிட்டு, பரிசு வாங்கியவர் போல் வீட்டைச் சுற்றி வருகிறார்.

பேரனின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மார்பைப் படம் எடு. நீ இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடு. நான் வீடு திரும்பியிருந்தால் என்னைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். திரும்பாவிட்டால் உன் அப்பாவுக்கு ஆள் வேண்டும். எப்படியும் டிக்கெட் வீணாகாது. அவசரப்பட்டுப் பத்தாம் தேதியே வந்து நின்றாலும், திருப்பி அனுப்ப மாட்டேன்.

மூவரும் நீண்ட ஆயுளோடு, முக்கியமாக நல்ல மூச்சோடு, இருங்கள்.

ஆசிகளுடன்,
அம்மா